ஊதா ஜன்னல்

“லைட்டை மட்டும் தொடாதீங்கண்ணா” என்று ஃபர்ஹானா முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் போனாள். யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது, பாவம். கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் தண்ணீர்ச்செடி விற்கிற மாசிலாமணியிடம் லைட்டைத் தொடாதே என்பது, பரோட்டா மாஸ்டரிடம் மாவைத் தொடாதே என்பது மாதிரி.

ஃபர்ஹானா மருந்துக் கம்பெனியின் ஆள். அவர் வீட்டுக் கூடத்து ஜன்னலோரம் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்தாள், தண்ணீர் நிரப்பினாள், நடுவில் ஒரே ஒரு செடியை நட்டாள், மேலே சீல் வைத்த விளக்கு ஒன்றை மாட்டினாள். சுவிட்சைப் போட்டதும் கூடம் முழுக்க ஊதா நிறம் பரவியது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி குணவதியின் முகம், சுவர், காலண்டர், எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன.

“தெனம் காலைல மூணு இலை. பறிச்சு அரைச்சதும் குடிச்சிடணும். கொஞ்ச நேரம் போனாலும் அதுல இருக்கிற மருந்து செத்துடும். மாத்திரையாப் பண்ண முடிஞ்சிருந்தா நாங்க ஏன் வீடு வீடாத் தொட்டி வெக்கப்போறோம்?” என்றாள் ஃபர்ஹானா.

“லைட்டு ஏம்மா இவ்ளோ காட்டமா கீது? செடி வெந்துடுமே.”

“அப்படித்தான் செட் பண்ணி அனுப்பியிருக்காங்கண்ணா. ஏன்னு எங்களுக்கும் சொல்லித் தரலை. கைபடாம இருந்தாப் போதும்.”

மாசிலாமணி தலையாட்டினார். அவருக்கு அப்போது லைட்டைவிடப் பெரிய கவலை இருந்தது.

அந்த நோய்க்கு டாக்டர்கள் வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். ஜனங்கள் விரல்நோய் என்றார்கள். ஒரு மழைக்காலத்துக் காய்ச்சல் ஊரையே புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. போனவர்கள் போக, பிழைத்தவர்களில் சிலருக்கு அது விட்டுச்சென்ற மிச்சம் இது. முதலில் விரல் மரத்துப்போகும். பிறகு தொண்டை. கடைசியில் மூச்சு. செடியோடு கொஞ்சம் மீனும் விற்கிற அவர்கள் கடையில் மீனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஆக்சிஜன் அடைத்து, ரப்பர் பேண்டை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவதில் குணவதியை மிஞ்ச அந்தச் சந்தையில் ஆள் கிடையாது. பேசிக்கொண்டே கட்டுவாள், கை என்ன செய்கிறதென்று பார்க்கக்கூட மாட்டாள். ஒருநாள் ரப்பர் பேண்டு நழுவியது. அவள் சிரித்தாள். மறுபடி நழுவியது. மூன்றாவது முறை பை தரையில் விழுந்து ஏஞ்சல் மீன் இரண்டும் சிமெண்டில் துடித்தபோது அவள் சிரிக்கவில்லை.

செடி வந்தது. விரலுக்குப் பழைய உணர்வு திரும்பியது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதற்கு அவள் கொடுத்த விலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் மாசிலாமணி ஒருவர்தான்.

தினமும் காலையில் சின்னக் கல்லுரலில் இலையை நசுக்கி, தண்ணீர் விட்டு, டம்ளரில் ஊற்றிக் கொடுப்பார். குணவதி கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடிப்பாள். முகம் கோணும், தோள் குலுங்கும்.

“கசக்குதா?”

“இல்ல, பாயசமா இனிக்குது. கேக்கறாரு பாரு கேள்வி.”

அவர் ஒரு துண்டுக் கருப்பட்டியை அவள் வாயில் போடுவார். கொஞ்ச நேரத்தில் அவள் குளியலறைக்கு ஓடுவாள். ஓங்கரிக்கிற சத்தம் தெரு வரைக்கும் கேட்கும். மத்தியானம் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். “எல்லாமே மண்ணு மாதிரி கீதுங்க” என்பாள். வஞ்சிரம் வறுத்து வைத்தாலும் மண், ரசம் வைத்தாலும் மண். ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது.

போதாக்குறைக்கு அந்த ஜன்னல். ஊரில் எந்த வீட்டில் விரல்நோய் இருக்கிறதென்று கண்டுபிடிக்க எதையும் விசாரிக்க வேண்டாம், இருட்டத் தொடங்கியதும் அண்ணாந்து பார்த்தால் போதும். ஊதா ஜன்னல். தொற்றுகிற நோய் இல்லையென்று டிவியில் தொண்டை கிழியக் கத்தினார்கள். யார் கேட்டார்கள்? ஊதா வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களை வீட்டுக்காரர்கள் நாசூக்காகக் கிளப்பினார்கள். ஊதா வீட்டில் பெண் எடுக்கவும் ஆளில்லை, பெண் கொடுக்கவும் ஆளில்லை.

செடியின் கதி இன்னும் மோசம். ஒரு மாதத்துக்குள் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. நடுவில் மஞ்சள் திட்டு, நுனியெல்லாம் சுருண்டு கிடந்தது. குணவதியைப் பார்க்க வந்த பக்கத்துக் கடைக்காரர் அவளைப் பார்ப்பதற்கு முன்னால் தொட்டியைப் பார்த்தார். சந்தைக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம் அது. எந்த வீட்டுக்குப் போனாலும் கண் முதலில் தொட்டிக்குத்தான் போகும். செடி பச்சையாக இருந்தால் வீட்டுக்காரன் ஒழுங்கானவன், பாசி பிடித்திருந்தால் சோம்பேறி.

“இன்னா மணி, உன் வீட்ல இப்டி ஒரு செடியா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “செடியே நோயாக் கெடக்குது. இது எப்டிப்பா இன்னொரு உயிரோட நோயைத் தீர்க்கும்?”

மாசிலாமணியின் மனசில் ஏற்கெனவே இருந்த கேள்விதான். அடுத்தவர் வாயிலிருந்து வந்ததும் அது பதிலாகவே மாறிவிட்டது.

அவருடைய தொழிலே வெளிச்சம்தான். புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் மீனைப் பற்றிக் கேட்பார்கள், அவர் ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்பார். வெளிச்சம் குறைந்தால் செடி நோஞ்சானாக நீண்டு போகும், கூடினால் பாசி மூடும். மீன் சிவப்பாகத் தெரியட்டும் என்று கடைக்காரர்கள் போடுகிற ரோஸ் விளக்கைக் கண்டாலே அவருக்கு ஆகாது. “அது மீனுக்கு லிப்ஸ்டிக்கு. செடிக்குச் சோறு இல்ல” என்பார். எந்தச் செடியாவது செத்துப்போனால் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி, அதை எடுத்து முகர்ந்து பார்த்து, வாங்கியவரைத் திட்டிவிட்டு வேறு கொடுப்பார். அப்படிப்பட்ட மனுஷர் தன் வீட்டுக் கூடத்தில் ஒரு செடி தினம் தினம் வேகிறதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடையிலிருந்து ஒரு விளக்கைக் கொண்டுவந்து ஊதா விளக்கைக் கழற்றி அலமாரியில் வைத்தார்.

“தொடாதீங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே” என்றாள் குணவதி.

“அது தொட்டி மாட்டற பொண்ணு. செடி வளர்த்த பொண்ணா? இங்க பாரு குணா. செடிக்கு வேண்டியது வெயில் மாதிரி ஒரு வெள்ளை. ஆறாயிரத்து ஐந்நூறு கெல்வின், கூடக் கொஞ்சம் சிவப்பு. காலைல நாலு மணி நேரம், மத்தியானம் ரெஸ்ட்டு, சாயந்திரம் நாலு மணி நேரம். அவ்ளோதான். இவனுங்க என்னடான்னா முழிச்சதுலேர்ந்து படுக்கற வரைக்கும் ஊதாவைப் போட்டு வாட்டறானுங்க. செடி தேறட்டும், அப்புறம் பாரு, மருந்து எப்டி வேலை செய்யுதுன்னு.”

குணவதி வெள்ளை வெளிச்சத்தில் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வேரடியில் உரமாத்திரை புதைத்தார். கருகிய இலைகளைக் கத்தரித்தார். முதலில் நடுவிலிருந்து ஒரு குருத்து வந்தது, பிறகு இன்னொன்று. ஒரு மாதத்தில் செடி தொட்டியை நிறைத்துவிட்டது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், கண்ணைக் குளிர வைக்கிற பச்சை. வெளிச்சம் பட்டதும் இலைக்கு அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் கோத்து மேலே போகும். மாசிலாமணி கடைக்குப் போகாமல் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த காலைகள் உண்டு.

குணவதியும் தேறினாள். அதுதான் அதிசயம். வாந்தி நின்றது. சோறு இறங்கியது. நெத்திலிக் கருவாட்டைத் தானே கேட்டு வாங்கி வைத்து, இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள். கன்னத்தில் சதை பிடித்தது. காலையில் மருந்து குடிக்கும்போது மட்டும் பழையபடி முகம் கோணும்.

“கசக்குதா?”

“பின்ன?” என்று கையை நீட்டுவாள். கருப்பட்டி கொடுப்பார்.

ஜன்னல் இப்போது வெள்ளையாகத் தெரிந்தது. பார்க்கிறவர்களுக்கு அது யாரோ ஆசையாக வளர்க்கிற மீன்தொட்டி, அவ்வளவுதான்.

கீழ்வீட்டில் பியூலாவும் அவள் தம்பி ஜெபராஜும் இருந்தார்கள். பியூலா நர்சரிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஜெபராஜ் கேரம் ஆடுகிறவன். அந்த வட்டாரத்து கிளப்புகளில் அவன் ஸ்டிரைக்கரை எடுத்தால் மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள், திரும்பி வரும்போது ஆட்டம் முடிந்திருக்கும். அவனுக்கும் விரல்நோய். அவனுக்கும் செடி. காலையில் மேலே குணவதி ஓங்கரித்தால் கீழே அவன் ஓங்கரிப்பான், படிக்கட்டு வழியாக ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள்.

பியூலா ஒரு மாலை மேலே வந்தாள்.

“மணிண்ணா, உங்க செடியைப் பாத்தா கண்ணுபட்டுடும் போல. எங்களுக்கும் அப்டி ஒரு லைட்டு மாட்டித் தாங்களேன். வீட்டுக்காரம்மா தெனமும் ஜன்னலைப் பாத்துட்டு, வேற வீடு பாத்தாச்சான்னு கேக்குறாங்க. அவனும் சாப்பிட்டு எத்தினி நாளாச்சு.”

“அதுக்கின்னா, நாளைக்கே மாட்டிடறேன்.”

குணவதி துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “அவங்க வீட்டுது எதுக்குங்க? கம்பெனிக்காரங்க கேட்டா பியூலா இன்னா சொல்லுவா?”

“கம்பெனிக்காரன் வந்து செடியைப் பாத்தா கையெடுத்துக் கும்புடுவான்” என்றார் மாசிலாமணி.

“வேணாங்க.”

“நீ நல்லா சாப்புடற, அந்தப் பையன் வாந்தியெடுக்கணுமா? நல்லாக்கீது உன் ஞாயம்.”

அவள் மறுபடி துணியை மடிக்கத் தொடங்கினாள். ஒரே புடவையை இரண்டு முறை பிரித்து மடித்தாள். அவர் அதைப் பார்த்தார், ஒன்றும் தோன்றவில்லை.

ஜெபராஜின் செடியும் பச்சையானது. ஒருநாள் படிக்கட்டில் அவரை மறித்துக்கொண்டான். “அண்ணா, கைராசிண்ணா உனக்கு. மருந்து இப்பக் கசக்கவே இல்ல. கீரைத் தண்ணி மாதிரி கீது!”

மாசிலாமணிக்கு ஒரு கணம் விசித்திரமாக இருந்தது. மேலே கசக்கிறதே? பிறகு, குணவதிக்குக் காய்ச்சலில் நாக்கு கெட்டிருக்கும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு கடைக்குப் போனார்.

அந்த ஆண்டு கிளப் போட்டியில் ஜெபராஜ் பேர் கொடுத்திருந்தான். முதல் ஆட்டத்தைப் பார்க்க மாசிலாமணியும் போனார். சுலபமான வெட்டு ஒன்று விரலிலிருந்து சரியாகக் கிளம்பாமல் பாதியில் நின்றது. “பவுடர் சரியில்லடா” என்றான் ஜெபராஜ். போர்டைத் துடைத்து வேறு பவுடர் போட்டார்கள். அடுத்த அடியும் நின்றது. மூன்றாவதில் ஸ்டிரைக்கர் நகரவே இல்லை, அவன் விரல்தான் அதன் மேல் வழுக்கியது. ஜெபராஜ் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான், யாரோ ஒருவனுடைய விரல் மாதிரி.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. தொண்டை அடைத்தது. அந்த வாரத்திலேயே மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இளவயதுக்காரர்களுக்கு வந்தால் அப்படித்தான், விறுவிறுவென்று ஏறும் என்றார்களாம் டாக்டர்கள்.

மறுநாள் காலை ஃபர்ஹானா வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கம்பெனிக்குச் சொல்லியிருக்கிறார்கள். கையில் மூடிபோட்ட ஒரு டப்பா இருந்தது. பியூலா வீட்டுத் தொட்டியைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பியூலா மாசிலாமணியைக் கூப்பிட, அவர் இறங்கி வந்தார். இவ்வளவு அழகான செடியைப் பார்த்து ஒருத்தி ஏன் இப்படி வெளிறிப்போகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

“யாரு மாத்தினது லைட்டை?”

“நான்தாம்மா. செடி செத்துக்கினு இருந்துச்சு.”

“செத்துக்கிட்டு இருக்கணும்ணா!” என்று கத்தினாள் ஃபர்ஹானா. பிறகு குரல் உடைந்துவிட்டது. “நாம மருந்துன்னு குடிக்கிறது செடிக்கு மருந்து இல்ல, கேடயம். அந்த ஊதா வெளிச்சம் இலையைச் சுடும். அந்தச் சூட்டைத் தாங்கறதுக்காக அது தன் உடம்புல ஒரு கசப்பை ஊற வெச்சுக்கும். அந்தக் கசப்பைத்தான் நாம குடிக்கிறோம். சுகமா இருக்கிற செடிக்கு அது எதுக்கு? ஊறவே ஊறாது. நீங்க இத்தனை நாள் அவருக்குக் குடுத்தது வெறும் தழை.”

மாசிலாமணி தொட்டியிலிருந்த பச்சைத் தழையைத் திரும்பிப் பார்த்தார்.

“இதை ஏன் மொதல்லயே சொல்லல?” என்று கேட்டார்.

“எனக்கே இப்பதாண்ணா சொன்னாங்க. வேற ஊர்லயும் ஒரு வீட்ல இதே மாதிரி ஆயிடுச்சு, அப்புறம்தான் வாயைத் தொறந்தாங்க. தொழில் ரகசியமாம். சித்திரவதை பண்ணின செடின்னு தெரிஞ்சா ஜனங்க குடிக்க மாட்டாங்கன்னு வேற பயமாம்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஒரு செடி, கருகிச் சுருண்டு பார்க்கச் சகிக்காமல் கிடந்தது. “ஸ்டோர்ல இருந்தது இது ஒண்ணுதான். இன்னொண்ணை வாட்டி எடுக்க ஒரு மாசத்துக்கு மேல ஆகும். பறிச்ச இலையைத் தண்ணில மெதக்கவிட்டு எடுத்துட்டுப் போங்க, ஆஸ்பத்திரிலயே அரைச்சு டியூப்ல குடுத்துடுவாங்க. ஒரு செடி ஒருத்தருக்குத்தான் தாங்கும். ரெண்டு பேருக்குப் பறிச்சா ரெண்டு பேருக்கும் பத்தாது.”

சொல்லிவிட்டு அவள் மாசிலாமணியை நிமிர்ந்து பார்த்தாள். “உங்க வீட்லயும் மாத்திட்டீங்களா?”

அவர் வாயைத் திறப்பதற்குள் படிக்கட்டிலிருந்து குணவதியின் குரல் வந்தது. எப்போது வந்து நின்றாளோ, கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“மாத்தினாரும்மா. ஆனா எனக்கு நல்லாவே கசக்குது.”

“நெஜமாவாக்கா? கசப்பு கொஞ்சம்கூடக் குறையலையா?”

“அவரையே கேளு. தெனமும் கருப்பட்டி போட்டாத்தான் எறங்கும்.”

மாசிலாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆமாம், கசக்கிறது! தினமும் கேட்கிறாரே, தினமும் முகம் கோணுகிறதே! ஏதோ ஒரு கணக்கில் தன் கை தப்பாமல் இருந்திருக்கிறது. “ஆமாம்மா, எங்களுது கசக்குது. இதை ஜெபராஜுக்கே வெச்சுடு” என்றார். பியூலா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஃபர்ஹானா பச்சைச்செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கருகிய செடியை நட்டு, ஊதா விளக்கை மாட்டிவிட்டுப் போனாள். ஜன்னல் பழையபடி ஆனது.

மேலே வந்தார். குணவதி அடுப்படியில் இருந்தாள். தொட்டியின் முன்னால் நின்றபோது அவருக்கு ஒரு ஆசை. தன்னைக் காப்பாற்றிய அந்தக் கசப்பை ஒரு தடவை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார்.

புல் மாதிரி இருந்தது. இன்னொரு இலையை மென்றார். இளசாக, ஜில்லென்று, கொஞ்சம் இனிப்பாகக்கூட இருந்தது. கசப்பென்று சொல்ல ஒரு துளி இல்லை.

அடுப்படி வாசலுக்குப் போனார். குணவதி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கத்தியை விரலால் பிடிக்கவில்லை, உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். முழங்கால் வலி என்று கடைக்கு வராமல் இருந்ததும், ரப்பர் பேண்டைக் கண்டால் வேறு பக்கம் திரும்பியதும் அவருக்கு இப்போதுதான் வரிசையாக ஞாபகம் வந்தன.

“எப்பலேர்ந்து?” என்றார்.

அவள் திரும்பவில்லை. “நீங்க லைட்டை மாத்தின கொஞ்ச நாள்லயே.”

“கசப்பு போனா மருந்து போச்சுன்னு உனக்குத் தெரியுமா?”

“ஆஸ்பத்திரில ஆயாம்மா சொன்னாங்க. கசப்பு கொறைஞ்சா ஓடி வந்து சொல்லுன்னாங்க.”

“ஏன்டி சொல்லல?”

“சோறு ருசிச்சுது” என்றாள் குணவதி.

அவருக்குக் கோபம்தான் வந்தது. அதைச் சொல்வதில் என்ன இருக்கிறது, அடிக்கக் கை ஓங்கும் அளவுக்கு வந்தது. “உன் உசுரு, நீ பண்ணிக்கின. கீழ அந்தப் பையன் இன்னா பாவம் பண்ணான்?”

“வேணாம்னு சொன்னேனே.”

“ஏன் வேணாம்னு சொன்னியா?”

கத்தி நின்றது. “சொன்னா என் வெள்ளை லைட்டும் போயிடும்னு நெனச்சேன்.” வெங்காயத்தின் மேல் குனிந்தே பேசினாள். “அவனுக்கு இவ்ளோ சீக்கிரம் ஏறும்னு எனக்குத் தெரியாதுங்க. அதான் அந்தச் செடியாவது அவனுக்குப் போகட்டும்னு சொன்னேன். நீங்க போயி கேட்டு வாங்கிக்கினு வந்துடாதீங்க.”

அவர் ஏற்கெனவே படியிறங்கிக்கொண்டிருந்தார்.

பியூலா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அவள் ஒரு டப்பாவில் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு, தொட்டியின் முன்னால் கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். ஊதா வெளிச்சத்தில் அந்தக் கருகிய செடி நின்றது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ செடியைப் பார்த்தவர் அவர். எதன் மேலும் இப்படி ஆசை வந்ததில்லை. எதையும் சொல்லாமல் கையைத் தண்ணீருக்குள் விட்டு, அதன் வேரடியைப் பிடித்தார். ஒரு இழுப்பு போதும். உங்களுக்குத்தான் கசக்கிறதே என்று பியூலா கேட்டால், பொய் என்று உண்மையைச் சொல்லிவிடலாம். அவருக்கும் அவர் பெண்டாட்டிக்கும் சேர்த்து அவள் என்ன சாபம் கொடுத்தாலும் தலைகுனிந்து வாங்கிக்கொள்ளலாம்.

பியூலா கண்ணைத் திறந்தாள். “வேரு சரியா நிக்குதாண்ணா?”

தண்ணீருக்குள் அவர் பிடி தளர்ந்தது.

“கொஞ்சம் மேலாப்ல நட்டிருக்கா அந்தப் பொண்ணு” என்றார். வேரை மணலுக்குள் ஆழமாக அமுக்கி, கையை எடுத்துக்கொண்டார்.

அன்று மாலையே தன் வீட்டு அலமாரியிலிருந்து ஊதா விளக்கை எடுத்தார். ஆத்திரத்தில் ஒரே நாளில் முழுக்கப் போட்டுவிடவில்லை. சொகுசாக வளர்ந்த இலை திடீரென்று அந்தச் சூட்டில் பட்டால் கூழாகக் கரைந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். விளக்கை உயரத்தில் கட்டினார். நாளுக்கு ஒரு விரற்கடை இறக்கினார். செடியை எப்படிச் சுகமாக வைப்பதென்று இத்தனை காலம் கற்றதையெல்லாம், அதைச் சாகாமல் எப்படி வதைப்பதென்று திருப்பிப் போட்டுப் படித்தார். இலை ஓரம் வெளுத்தது. நுனி சுருள ஆரம்பித்தது. தினமும் காலையில் ஒரு துணுக்கை மென்று பார்த்துவிட்டுத்தான் அரைப்பார். புல். மறுநாளும் புல்.

“கசக்குதா?” என்று கேட்பது மட்டும் நிற்கவில்லை. வாய்ப் பழக்கம்.

“கசக்குது” என்பாள் அவளும். இருவருக்கும் தெரிந்த பொய். கருப்பட்டியை வாங்கிக்கொள்ள அவள் கை வருவதில்லை, அவரே வாயில் வைப்பார்.

மூச்சுக்குப் போட்டிருந்த டியூபை எடுத்ததும் ஜெபராஜ் வீட்டுக்கு வந்துவிட்டான். விரல் திரும்பவில்லை, திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்கள். கிளப்பில் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கிறான். படிக்கட்டில் மாசிலாமணியைக் கண்டால், “அக்கா எப்டிண்ணா கீறாங்க?” என்று கேட்கிறான். அவனுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

குணவதிக்குக் குரல் கம்மியது. தண்ணீர் குடித்தால் புரையேறியது. டாக்டர் கையை விரித்துவிடாமல், ஆனால் நம்பிக்கையாகவும் பேசாமல், செடி கசக்கத் தொடங்கிவிட்டதா என்று மட்டும் கேட்டார்.

ஒரு காலை மாசிலாமணி வழக்கம்போலத் துணுக்கை மென்றார். முதலில் புல். பிறகு நாக்கின் அடியில், தொண்டைக்குப் பக்கத்தில், எதுவோ பிடித்து இழுத்தது. காறித் துப்பினார். போகவில்லை. வாயைக் கொப்பளித்தார், அப்போதும் போகவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அரைத்து எடுத்துக்கொண்டு ஓடினார். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். குணவதி சிரமப்பட்டு விழுங்கினாள். பழகிப்போன கோணல் அன்றைக்கு முகத்தில் இல்லை. கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டாள்.

“கசக்குதா?”

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். இல்லை.

அவர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் வயிறு குலுங்கியது. உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அவர் தாங்கிப் பிடிப்பதற்குள் புடவை, பாய், அவர் வேட்டி எல்லாம் நனையும்படி வாந்தியெடுத்தாள். பழைய சத்தம், தெரு வரைக்கும் கேட்கிற சத்தம். மாசிலாமணி அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார், சிரித்தார், இரண்டும் கலந்து வந்தது.

அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். அவள் கம்மிய குரலில் கேட்டாள். “இப்ப சந்தோஷமா?”

“சந்தோஷம்தான்டி” என்றார். பொய்யில்லை.

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வைத்த கருப்பட்டியை வாங்கவில்லை.

அவர் பாயைக் கழுவிப் போட்டுவிட்டு வந்து தொட்டியின் முன்னால் நின்றார். கடைசியாக வந்திருந்த குருத்தும் நுனியில் கருகத் தொடங்கியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு விளக்கின் கயிற்றை அவிழ்த்து, இன்னும் ஒரு விரற்கடை இறக்கிக் கட்டினார்.